வன்னியில் தன்பாலீர்ப்பாளர், திருநர் பற்றி வேலையிடங்களிலும் பாடசாலைகளிலும் பயிற்சி நடத்த முடியுமா? சனம் எதிர்க்காதா?

முடியும். சில வருடங்களாக நான் அதைத்தான் செய்கிறேன். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா என்று பஸ் போகிற இடமெல்லாம். இதற்கென்று ஒரு சின்னக் கைந்நூலும் எழுதியிருக்கிறேன்.

ஆட்களைக் கூட்டுவது இங்கே கஷ்டமே இல்லை. 2009க்குப் பிறகு மிதிவெடி, வாழ்வாதாரம், உளவளம், கோழி வளர்ப்பு என்று பட்டறைக்குப் போகாத சனமே வன்னியில் கிடையாது. கையெழுத்து வைத்து, தேத்தண்ணி குடித்து, சாப்பாட்டுப் பார்சலோடு எழும்ப எல்லோருக்கும் தெரியும். எதிர்ப்பைவிட எனக்கு இந்தப் பழக்கத்தில்தான் பயம். தலையாட்டுவார்கள், ஒன்றும் ஏறாது.

அதனால் வரைவிலக்கணத்தில் தொடங்குவதை விட்டுவிட்டேன். ஆசிரியர்களிடம் ஒரே கேள்விதான்: "உங்கள் வகுப்பு இடாப்பில் ஒன்பதாம் இலக்கம் யார்?" முதலில் யாரோ சிரிப்பார்கள். அந்த எண் என்ன வசை என்று விளக்கத் தேவையில்லை. அப்புறம் கதை வரும். ஒரு ரீச்சர் சொன்னார், தரம் எட்டில் ஒரு பொடியன் இலக்கத்தை மாற்றித் தரச் சொல்லி அழுதானாம். "இதெல்லாம் ஒரு விஷயமோ" என்று அனுப்பிவிட்டாராம். அடுத்த தவணைக்கு அவன் வரவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவன் நடக்கிறதைப் பாத்து நானும் சிரிச்சனான் தம்பி" என்றார். அன்றைக்கு நான் கொண்டுபோன படங்களைத் திறக்கவே இல்லை.

இன்னொரு தட்டுப்பாடு சொல்லுக்கு. வசை ஆறேழு கைவசம் இருக்கும், மரியாதையான சொல் ஒன்றும் வாயில் வராது. 'திருநங்கை' தமிழ்நாட்டுப் படங்களோடு வந்து சேர்ந்துவிட்டது. பெண்ணென்று பதியப்பட்டு ஆணாக வாழ்பவரைக் குறிக்கும் 'திருநம்பி' என்றதும் நம்பியாண்டார் நம்பியின் சொந்தக்காரரோ என்று பகிடி விட்டார் ஒரு மேற்பார்வையாளர். நானும் சிரித்துவிட்டேன்.

தொழிற்சாலைகளில் சட்டம் கேட்பார்கள். மறைப்பதில்லை. வெள்ளைக்காரன் 1883இல் எழுதிய தண்டனைச் சட்டக்கோவையில், தன்பால் உறவைக் குற்றமாக்குகிற 365, 365அ பிரிவுகள் இன்னும் இருக்கின்றன. 1995இல் 365அவைப் பெண்களுக்கும் நீட்டினார்கள். ஆனால் அதை நீக்க வந்த தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்று 2023 மே மாதம் உயர் நீதிமன்றம் சொன்னது. 2016ஆம் ஆண்டின் சுகாதார அமைச்சுச் சுற்றறிக்கைப்படி, திருநர் பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் எடுத்துப் பிறப்புச் சான்றிதழைத் திருத்தலாம். இதைச் சொன்னதும்தான் மனிதவளப் பிரிவுக்காரர் பேனையைத் திறப்பார்கள். சேமலாப நிதியில் பழைய பெயர் இருந்தால் என்ன செய்வது? எந்தக் கழிப்பறை? இந்தக் கேள்விகள் வந்தால் எனக்குச் சந்தோஷம்.

எதிர்ப்பு? ஒரு அதிபர் கடைசி நேரத்தில் வேண்டாம் என்றார், பெற்றோர் சண்டைக்கு வருவார்களாம். பிள்ளைகள் வேண்டாம், ஆசிரியர்களை மட்டும் தாருங்கள், தலைப்பைக் 'கேலி, பகிடிவதை தடுப்பு' என்று போடுவோம் என்றேன். சம்மதித்தார். இது கோழைத்தனம் என்று கொழும்பு நண்பர்கள் திட்டுவார்கள். திட்டட்டும்.

நீங்களும் நடத்துவதென்றால், "உங்களில் அப்படி யாரும் இருக்கிறீர்களா" என்று மட்டும் கேட்காதீர்கள். இங்கே எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். முடிந்ததும் அடுத்த பஸ்ஸை விட்டுவிட்டு அரை மணித்தியாலம் சைக்கிள் விடுகிற இடத்துப் பக்கம் நில்லுங்கள். யாராவது வந்து, "எனக்கில்லை, தெரிஞ்ச ஒராளுக்கு..." என்று தொடங்குவார்.