கடற்கரையிலிருந்து ஆறாயிரம் மீட்டர் – கடிதம்

அன்புள்ள அக்கா,

மண்டபத்திலிருந்து எழுதுகிறேன். இங்கே ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். வயது இருபத்தேழு. அப்பா சங்கு குளிக்கப் போகிறவர், அம்மா தீவுப் பக்கம் பாசி எடுக்கப் போவார். நான் போன பெரிய உயரம் கொடைக்கானல், அதுவும் பஸ்ஸில். சீட்டு போட்டுச் சேர்த்த பணத்தில் லடாக்கில் காங் யாத்சே-2 சிகரம் ஏற வேண்டும் என்று ஆசை. ஒரு நிறுவனம் ‘முன் அனுபவம் தேவையில்லை, வழிகாட்டிகள் பார்த்துக்கொள்வார்கள், எட்டே நாள்’ என்கிறது. முதல் நாள் விமானத்தில் லே, இரண்டாம் நாள் காரில் கர்துங் லா கணவாய், மூன்றாம் நாள் முதல் முகாம், நான்காம் நாள் நிமாலிங், ஐந்தாம் நாள் அடிவார முகாம், அன்று நள்ளிரவே சிகரத்துக்குக் கிளம்புகிறார்கள். அப்பா கூடவே கூடாது என்கிறார். பள்ளியில் மற்றவர்களோ, ‘சங்கு குளிக்கிறவர் மகள், மூச்சு உங்க ரத்தத்திலேயே இருக்கு, உனக்கென்ன பயம்’ என்கிறார்கள். இந்த மாதக் கடைசிக்குள் முன்பணம் கட்ட வேண்டும். போகலாமா அக்கா?

ச., மண்டபம்

அன்புள்ள ச.,

மலைக்குப் போங்கள். ஆனால் இந்த எட்டு நாள் திட்டத்தில் போக வேண்டாம். முதல் மலையாகக் காங் யாத்சேயும் வேண்டாம்.

முதலில் அந்த மூச்சு விஷயம். உங்கள் பள்ளியில் சொல்வதை நம் கரையில் பலரும் நம்புகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். தண்ணீருக்கடியில் மூச்சைப் பிடித்திருக்கும்போது நெஞ்சு தவிக்கிறதே, அந்தத் தவிப்பைப் பெரும்பாலும் எழுப்புவது ரத்தத்தில் ஏறிக்கொண்டே போகும் கரியமில வாயு. உங்கள் அப்பாவைப் போன்றவர்கள் வருடக்கணக்கில் பழகி அதைப் பொறுத்துக்கொள்ளக் கற்றவர்கள். மலையில் உடம்புக்குத் தேவைப்படுவது இதற்கு நேர் எதிரானது. அங்கே ஆக்சிஜன் குறைந்ததும் உடம்பு வேகமாகவும் ஆழமாகவும் மூச்சு வாங்கத் தொடங்க வேண்டும். அப்படி வாங்கும்போது கரியமில வாயு அதிகமாக வெளியே போய்விடுகிறது, ரத்தம் காரத்தன்மை அடைகிறது, உடனே மூளை ‘போதும், மெதுவாக’ என்று மூச்சைக் கட்டுப்படுத்துகிறது. சிறுநீரகம் சில நாட்கள் எடுத்து, காரத்தன்மை தரும் பைகார்பனேட்டை வெளியேற்றிய பிறகுதான் அந்தக் கட்டு தளர்ந்து மூச்சு தாராளமாகிறது. உயரத்துக்கு உடம்பு பழகுவதில் முதல் சில நாட்களில் நடக்கும் முக்கியமான வேலை இது. சிறுநீரகத்தை அவசரப்படுத்த அப்பாவின் தொழிலாலும் முடியாது, உங்கள் வயதாலும் முடியாது. அதற்கு நாட்கள்தான் வேண்டும்.

இரவில் இன்னொன்றும் நடக்கும். தூக்கத்தில் மூச்சு சில நொடிகள் நின்று, பிறகு ஒரு பெரிய இழுப்போடு திரும்பவும் தொடங்கும். உயரத்தில் இது பெரும்பாலோருக்கு வருவதுதான். தெரியாமல் போகிறவர்கள் கூடாரத்தில் பயந்து எழுந்து உட்கார்ந்துவிடுகிறார்கள்.

நம் மாவட்டத்தில் நாம் அண்ணாந்து பார்க்கும் மிகப் பெரிய உயரம் ராமேஸ்வரம் தொலைக்காட்சி கோபுரம், 323 மீட்டர். காங் யாத்சே-2 ஏறத்தாழ 6250 மீட்டர். நீங்கள் கணக்கு டீச்சர், அதனால் இதையும் எழுதுகிறேன். கடலில் பத்து மீட்டர் இறங்கினால் உங்கள் அப்பாவின் மேல் அழுத்தம் இரண்டு மடங்காகிறது. காற்றில் அதே அழுத்தம் பாதியாகக் குறைய ஏறக்குறைய 5500 மீட்டர் ஏற வேண்டும். காற்றில் ஆக்சிஜனின் பங்கு அங்கேயும் 21 சதவீதம்தான், ஆனால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே வருவது கரையில் வருவதில் பாதி. குளிரும் அப்படியே. ஆயிரம் மீட்டருக்குச் சுமார் ஆறரை டிகிரி குறையும் என்று வைத்துக்கொண்டால், சிகரம் நம் கரையைவிட நாற்பது டிகிரி குளிர்ந்திருக்கும். காற்றடித்தால் இன்னும் கடுமை.

இப்போது உங்கள் திட்டத்தைப் பாருங்கள். கடல் மட்டத்தில் தூங்கி எழுந்தவர் மறுநாள் இரவு 3500 மீட்டரில் இருக்கும் லேயில் படுக்கிறார். அங்கே முதல் இரண்டு நாள் படுத்தும் உட்கார்ந்தும் மெதுவாக நடந்தும் கழிக்க வேண்டியவை. உங்கள் நிறுவனமோ இரண்டாம் நாளே 5300 மீட்டரைத் தாண்டிய கர்துங் லாவுக்குக் காரில் கூட்டிப்போகிறது, படம் எடுத்துக்கொள்ள. நான்காம் இரவு நிமாலிங், ஏறக்குறைய 4800 மீட்டர். அதாவது லேயை விட்ட இரண்டே இரவில் 1300 மீட்டர். 3000 மீட்டருக்கு மேல் படுக்கும் உயரத்தை ஒரு இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் ஓய்வெடுக்க வேண்டும் என்பது மலை மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் அளவு. பகலில் உயரே போய்விட்டுக் கீழே வந்து படுப்பது நல்லது. கணக்கில் வருவது நீங்கள் தூங்கும் உயரம். எட்டு நாளில் வானிலைக்கென்று ஒரு நாள்கூட இல்லை. ஒரு நாள் பனி கொட்டினால், ஒன்று சிகரம் போகும் அல்லது பாதுகாப்பு போகும். லடாக்கின் இன்னொரு சிகரமான ஸ்டோக் காங்ரி 2020-இல் மூடப்பட்ட பிறகு ஆறாயிரம் மீட்டர் ஆசையோடு வருபவர்கள் நிறையப் பேர் காங் யாத்சே பக்கம் திரும்பினார்கள். விளம்பரத்தில் நாட்கள் இப்படிச் சுருங்கியதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். லீவு கிடைக்காதவர்களை இழுக்க நாளைக் குறைக்கிறார்கள். இது எனக்குக் கோபம் வரும் விஷயம்.

‘வழிகாட்டிகள் பார்த்துக்கொள்வார்கள்.’ உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்படவைத்த வரி இதுதான். நல்ல வழிகாட்டி நிறையப் பார்த்துக்கொள்வார். பனிச்சரிவைப் பார்ப்பார், மேகத்தைப் பார்ப்பார், பனியில் வழுக்காமல் இருக்க பூட்ஸில் மாட்டும் கிராம்பான் என்கிற முள்தட்டின் வார் சரியாக இறுகியிருக்கிறதா என்று குனிந்து தொட்டுப் பார்ப்பார். உங்கள் தலைக்குள் இருக்கும் வலியை மட்டும் நீங்கள் சொன்னால்தான் அவரால் அறிய முடியும்.

நான் போயிருந்த ஒரு குழுவில் ஓர் இளைஞர் இருந்தார். எங்கள் எல்லாரையும்விட வேகமாக நடப்பவர். இரண்டு நாள் தலைவலியை மறைத்துக்கொண்டே வந்தார். கட்டிய பணம், ஊரில் சொல்லிவிட்டு வந்த பேச்சு, கூட வந்தவர்கள் முன் கௌரவம் எல்லாம் சேர்ந்து வாயைக் கட்டிவிட்டன. காலையில் சாப்பாடு வேண்டாம் என்பார், கேட்டால் ‘பசியில்லை’ என்பார். மூன்றாம் நாள் மாலை வழிகாட்டி அவரைக் குதிகாலும் விரலும் ஒட்ட நேர்கோட்டில் நடக்கச் சொன்னார். இரண்டு அடி வைத்ததும் பக்கவாட்டில் சாய்ந்தார். மூளை வீங்கத் தொடங்கியதற்கு அது அடையாளம். அன்றிரவே டார்ச் வெளிச்சத்தில் மூன்று பேர் அவரைத் தாங்கிக் கீழே இறக்கினார்கள். பிழைத்துக்கொண்டார். முதல் நாளே வாயைத் திறந்திருந்தால் ஒரு நாள் ஓய்வோடு முடிந்திருக்கும் என்று வழிகாட்டி சொல்லிச் சொல்லி வருந்தினார்.

அதனால் உயரத்தில் தலைவலி வந்தால், வேறு காரணம் உறுதியாகும்வரை, அதை உயர நோய் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். குமட்டல், அசதி, தலைசுற்றல் சேர்ந்தால் சந்தேகமே வேண்டாம். அன்று ஏறக் கூடாது. கூடினால் இறங்க வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, இருமல் விடாமல் வந்தாலோ, நடை தள்ளாடினாலோ, விடியும்வரைகூடக் காத்திருக்காமல் இறங்க வேண்டும். சிலிண்டரும் மருந்தும் இறங்கும்வரை தாக்குப்பிடிக்கத்தான். கொரோனாக் காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கிய ஆக்சிமீட்டரை எடுத்துப் போங்கள், ஆனால் அந்த எண்ணை மட்டும் நம்பாதீர்கள். ஐயாயிரம் மீட்டரில் அது எண்பதையொட்டிக் காட்டுவது சாதாரணம். நன்றாக இருக்கும் எண்ணோடு நோயாளியாகவும் இருக்கலாம்.

டயமாக்ஸ் என்கிற அசிட்டசோலமைடு மாத்திரையைப் பற்றி யாராவது சொல்வார்கள். சிறுநீரகம் செய்யும் அந்த வேலையையே அது சற்று முன்கூட்டித் தொடங்கிவைக்கிறது. பயனுள்ள மருந்து. சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் கட்டாயம் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மற்றவர்களும் மருத்துவரைக் கேட்டே எடுக்க வேண்டும். அதைப் போட்டுக்கொண்டு வேகமாக ஏறலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

இன்னொரு சின்ன விஷயம், நம் பக்கத்துப் பெண்களுக்கு முக்கியமானது. வழிகாட்டிகள் பெரும்பாலும் லடாக்கியிலும் இந்தியிலும் பேசுவார்கள். ‘சிர் தர்த்’ தலைவலி, ‘உல்டி’ வாந்தி, ‘சக்கர்’ தலைசுற்றல். இந்த மூன்றையும் மனப்பாடம் செய்துகொண்டு போங்கள். மொழி தெரியாத கூச்சத்தில் நோயை மறைத்தவர்களை எனக்குத் தெரியும். பயண நாட்களில் மாதவிலக்கு வந்தாலும் அதையும் வெட்கப்படாமல் சொல்லுங்கள். முகாமில் பெண்களுக்குத் தனிக் கழிப்பறைக் கூடாரம் உண்டா என்பதை இங்கிருந்தே கேட்டுவிட வேண்டும்.

நிறுவனத்திடம் என்ன கேட்பது? எத்தனை பேருக்கு ஒரு வழிகாட்டி, சிகரத்தன்று ஒருவர் திரும்ப நேர்ந்தால் அவரோடு இறங்க ஆள் தனியாக இருக்கிறாரா, எத்தனை மணிக்கு மேல் எங்கே இருந்தாலும் திரும்புவார்கள், ஆக்சிஜன் எந்த முகாமில் இருக்கும். இவற்றில் இரண்டாவது கேள்விக்கு வரும் பதிலை வைத்தே முடிவெடுக்கலாம். ‘அப்படியெல்லாம் ஆகாது மேடம்’ என்று சொன்னால் அங்கே பணம் கட்டாதீர்கள். காப்பீடும் பாருங்கள். சாதாரணப் பயணக் காப்பீடுகள் பலவற்றில் மலையேற்றம் சேராது.

பிறகு, எதில் தொடங்குவது? இந்த வருடம் நாலாயிரம் மீட்டரையொட்டிய ஒரு நடைப்பயணம் போங்கள். உத்தரகண்டில் கேதார்கந்தா சுமார் 3800 மீட்டர், இமாச்சலில் ஹம்ப்டா கணவாய் சுமார் 4270. கயிறும் பனிக்கோடரியும் இல்லாமல், உங்கள் உடம்பு உயரத்தில் என்ன செய்கிறது என்று அங்கே தெரிந்துகொள்ளலாம். அதன்பின் மலையேற்ற அடிப்படைப் பயிற்சி. டார்ஜிலிங்கில் 1954-இல் தொடங்கிய இமாலய மலையேற்ற நிறுவனம், உத்தரகாசியில் 1965-இல் தொடங்கிய நேரு மலையேற்ற நிறுவனம், மணாலியில் உள்ள நிறுவனம் எல்லாம் அரசு சார்ந்தவை. ஏறக்குறைய நான்கு வாரம் தங்கவைத்து, பாறை ஏற்றம், பனியில் நடப்பது, சறுக்கி விழுந்தால் பனிக்கோடரியால் தன்னைத் தானே நிறுத்துவது எல்லாவற்றையும் கற்றுத் தருகிறார்கள். பெண்களுக்கென்றே தனி வகுப்புகளும் நடத்துகிறார்கள். இடம் சீக்கிரம் நிரம்பிவிடும், பல மாதம் முன்பே விண்ணப்பிக்க வேண்டும், பள்ளியில் லீவுக்கும் இப்போதே பேசத் தொடங்குங்கள். நான் அடிப்படைப் பயிற்சி பெற்றது உத்தரகாசியில்தான். 1984-இல் எவரெஸ்ட் ஏறிய பச்சேந்திரி பாலும் அங்கே பயின்றவர். நம் பக்கத்து விருதுநகர் மாவட்டத்தில் பிறந்த முத்தமிழ்ச்செல்வி 2023-இல் எவரெஸ்ட் உச்சிக்குப் போனார். தென்கோடியிலிருந்து போக முடியுமா என்ற கேள்வியே இனி வேண்டாம்.

மண்டபத்தில் மலை இல்லை என்ற கவலையும் வேண்டாம். விடிகாலையில் ஈர மணலை விட்டு மேலே, கால் புதையும் மணலில் ஒரு மணி நேரம் நடங்கள். மாடிப் படி எங்கே கிடைத்தாலும் முதுகுப் பையில் தண்ணீர்ப் பாட்டில்களை நிரப்பி ஏறுங்கள். முதல் சில வாரம் உச்சியில் தண்ணீரைக் கொட்டிவிட்டு இறங்கினால் முழங்கால் தப்பிக்கும். தொடை பழகிய பிறகு சுமையோடு இறங்கவும் பழகுங்கள், ஏனென்றால் சிகரத்தன்று விழுபவர்களில் பலர் இறங்கும்போது, சோர்ந்த காலோடு விழுகிறார்கள். லீவில் சிறுமலை, கொடைக்கானல் பக்கம் போய் வனத்துறை அனுமதித்த பாதையில் நடக்கலாம். 2018-இல் குரங்கணித் தீயில் அத்தனை பேரை இழந்த பிறகு, அனுமதியில்லாத பாதையில் கூட்டிப்போகும் எந்தக் குழுவோடும் போகாதீர்கள். இந்தப் பயிற்சி எல்லாம் காலுக்கும் இதயத்துக்கும். உயர நோயிலிருந்து இது காப்பாற்றாது.

கடைசியாக உங்கள் அப்பா. அவர் ‘கூடாது’ என்று சொன்னதோடு நிறுத்திவிட்டீர்கள். ஏன் கூடாது என்று அவரிடம் உட்கார்ந்து கேட்டீர்களா? தென்கடலில் கச்சான் காற்று எழும்பினால், டீசல் காசு போனாலும் பரவாயில்லை என்று வல்லத்தைத் திருப்பிவிடுகிறவர்கள் நம் ஆட்கள். அப்படித் திரும்பி வந்தவரைக் கரையில் யாரும் கோழை என்று சொல்வதில்லை. மலையில் உங்களுக்கு வேண்டியதும் அதே மனசுதான். அது உங்கள் வீட்டில் இருக்கிறது. இந்த எட்டு நாள் திட்டத்தை அவர் முன் விரித்து, எந்த நாளில் திரும்ப வழி இருக்கிறது என்று அவரையே கேளுங்கள். அவர் எதிர்ப்பது மலையையா, இந்தத் திட்டத்தையா என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

மாதக் கடைசித் தேதியை விட்டுவிடுங்கள். முன்பணம் கட்ட வேண்டாம். சீட்டுப் பணத்தில் ஒரு பகுதியை நல்ல பூட்ஸுக்கு ஒதுக்குங்கள். கணுக்காலை மூடும் வகை, உங்கள் அளவைவிட அரை அளவு பெரியது, தடித்த காலுறை போட்டுக் கடையிலேயே நடந்து பார்த்து வாங்குங்கள். பயிற்சி நிறுவனத்தின் விண்ணப்பத்தில் மருத்துவச் சான்று பகுதியில் சந்தேகம் வந்தால் எழுதுங்கள், உதவுகிறேன்.

அன்புடன்,
அக்கா