ஒரு வரி ஆங்கிலம், ஒரு வரி தமிழ் என்று வாசிக்காதீர்கள்

கேள்வி: கேரள எல்லையில், பாலக்காட்டு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை பக்கம் இருக்கிறோம். மகனுக்கு எட்டு வயது, மகளுக்கு ஐந்து. பள்ளியில் இங்கிலீஷ் மீடியம், இரண்டாம் மொழி மலையாளம், வீட்டில் தமிழ். பள்ளியில் கடை போட்டிருந்த ஒருவரிடம் பத்துப் புத்தகச் செட் ஒன்றைத் தவணையில் வாங்கினோம். அதிலிருந்து ‘ஜங்கிள் புக்’ வாசித்துக் காட்டுகிறேன். ஒரு வரியை ஆங்கிலத்தில் வாசித்து, உடனே தமிழில் அர்த்தம் சொல்கிறேன். இரண்டு பக்கம் போவதற்குள் மகன் எழுந்துவிடுகிறான்; “படத்துல இப்படி இல்லையே” என்கிறான். சின்னவள் புலி வந்தாலே அழுகிறாள். நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்த வேண்டாம் அம்மா. வாசிக்கிற முறையை மட்டும் மாற்றுங்கள்.

வரிக்கு வரி அர்த்தம் சொல்வது, பந்தியில் உட்கார்ந்தவனை வாய்க்கு ஒருமுறை எழுந்து கை கழுவிவிட்டு வரச் சொல்வது போல. எந்தப் பிள்ளையும் ஓடத்தான் செய்யும். ஓர் இரவுக்கு ஒரே மொழி போதும். உங்கள் வீட்டில் அது தமிழ்தான். பகலில் நேரம் கிடைக்கும்போது அன்றைக்கு வேண்டிய நாலைந்து பக்கங்களை நீங்கள் மட்டும் படித்துவிடுங்கள். ராத்திரி புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் வாய்த் தமிழிலேயே சொல்லுங்கள். ‘அப்படியா சேதி’ என்று கரடி பேசினால் ஒரு குறையும் இல்லை. இங்கிலீஷ் வராமல் போய்விடுமோ என்ற பயம் வேண்டாம். கதை பிடித்துவிட்டால் பெரியவனே பக்கத்தைப் புரட்டுவான். தினமும் எத்தனை பக்கம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொல்கிற பள்ளிகள் இருக்கின்றன. கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள், அதற்கு மேல் அதற்கு மரியாதை தேவையில்லை. கதை கேட்ட குழந்தையிடம் மறுநாள் காலையில் ‘இந்தக் கதையின் நீதி என்ன’ என்று கேட்டு, கதையையே வெறுக்க வைப்பதில் நம் பள்ளிகளுக்கு ஈடு கிடையாது.

இப்போது அந்தச் செட். ‘ஜங்கிள் புக்’கில் முதல் கதையின் முதல் பத்தியைப் பாருங்கள். சியோனி மலையில் வெக்கையான ஒரு சாயங்காலம் ஏழு மணிக்குத் தகப்பன் ஓநாய் தூக்கம் கலைந்து எழுந்திருக்க வேண்டும். அது இல்லை என்றால் உங்களுக்குத் தந்திருப்பது சுருக்கம். பொருளடக்கத்தையும் எண்ணுங்கள். 1894-ல் கிப்ளிங் வெளியிட்ட முதல் ‘ஜங்கிள் புக்’கில் ஏழு கதைகள். முதல் மூன்றுதான் ஓநாய்கள் வளர்த்த பையன் மௌக்லியுடையவை. ஆசிரியர் இறந்தது 1936-ல், காப்புரிமை காலாவதியாகிப் பல வருஷம் ஆகிறது. அதனால் யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், வெட்டலாம், ஒட்டலாம். சுருக்கியவர் பெயர்கூட இல்லாமல் ‘முழுப் பதிப்பு’ என்று அட்டையில் போட்டுப் பள்ளிக்குள்ளேயே கொண்டுவந்து விற்கிறார்கள். உள்ளே விட்ட பள்ளிக்கு அதில் என்ன லாபம் என்று பெற்றோர் கூட்டத்தில் ஒருவர்கூடக் கேட்பதில்லை. நீங்களாவது கேளுங்கள். முழு ஆங்கில மூலம் புராஜெக்ட் குட்டன்பெர்க் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. தமிழ்ப் பதிப்பு வாங்குவதானால் மொழிபெயர்த்தவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

மகன் சொல்வது சரிதான். 1967-ல் வந்த டிஸ்னி படத்தில் மலைப்பாம்பு ‘கா’ மௌக்லியை விழுங்கப் பார்க்கும். புத்தகத்தில் குரங்குக் கூட்டத்திடமிருந்து அவனை மீட்க வருவதே அந்தக் ‘கா’தான். படத்தில் வாலில் தீயோடு ஓடித் தப்பிக்கிற புலி ஷேர்கான், புத்தகத்தில் எருமைக் கூட்டத்தின் காலடியில் மிதிபட்டுச் சாகும். எது எது மாறியிருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்கிற வேலையை அவனிடமே கொடுத்துவிடுங்கள், எழுந்து போக மாட்டான்.

சின்னவளுக்குப் புலி பயமில்லை, நீங்கள் நிறுத்துகிற இடம்தான் பயம். குகை வாசலில் புலி தலையை நீட்டுகிற இடத்தில் விளக்கை அணைத்தால் எந்தக் குழந்தை தூங்கும்? தாய் ஓநாய் எழுந்து நின்று புலியை விரட்டுகிற வரை அன்றைக்கே சொல்லி முடித்துவிடுங்கள்.

இன்னும் ஒன்று. மௌக்லியில்தான் தொடங்க வேண்டும் என்று சட்டமா? ஐந்து வயதுக்காரிக்கு அதே புத்தகத்தில் இருக்கிற ‘ரிக்கி-டிக்கி-டாவி’ கதைதான் முதலில். ஒரு வீடு, ஒரு தோட்டம், ஒரு கீரிப்பிள்ளை, இரண்டு நல்ல பாம்பு, புழுதியில் கிடக்கிற ஒரு கட்டுவிரியன். நம் பக்கத்துப் பிள்ளைக்கு இதில் விளக்க ஒன்றும் இல்லை. நிறுத்தாமல் சொன்னால் முக்கால் மணி நேரம் ஆகும், மூன்று ராத்திரிக்குப் பிரித்துக்கொள்ளலாம். கட்டுவிரியன் சாகிறவரை முதல் நாள், குளியலறையில் நாகம் சாகிறவரை இரண்டாம் நாள்.

ஆனால் இங்கே ஒரு விஷயம் இருக்கிறது. உங்கள் தாலுகாவில் சர்ப்பக்காவு, அதாவது பாம்புக்கென்று விட்ட தோப்பு, வைத்திருக்கிற வீடுகள் உண்டு, அரசமரத்தடி நாகர் கல்லுக்குப் பால் ஊற்றுகிற வீடுகளும் உண்டு. இந்தக் கதையில் கீரி பாம்பு முட்டைகளை ஒன்றை மட்டும் விட்டுவைத்து மற்றதையெல்லாம் உடைக்கும். ‘அது சாமி இல்லையாம்மா?’ என்று சின்னவள் கேட்டே தீருவாள். அந்த வழிபாடு உங்கள் வீட்டில் இருந்தால் முதலில் பாட்டியிடம் கதையைச் சொல்லிவிடுங்கள். நாகருக்கு ‘நூறும் பாலும்’ என்ற படையல் கொடுக்கிற ஆயில்ய நட்சத்திர நாளுக்கு முன்னும் பின்னும் இந்தக் கதை வேண்டாம், ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள். முட்டை உடைக்கிற பக்கத்தை மட்டும் விழுங்கிவிட்டுச் சொல்லலாமே என்று தோன்றும், அது நடக்காது. கடைசி முட்டையை வாயில் கவ்விக்கொண்டு போய்த்தான் பெண் நாகத்தைக் கீரி மடக்குகிறது. முட்டை இல்லையென்றால் கதையே இல்லை. பாட்டிக்கு மனசு ஒப்பவில்லை என்றால் வாக்குவாதம் எதற்கு, அதே புத்தகத்து ‘யானைகளின் டூமாய்’ கதைக்குப் போய்விடுங்கள். அதில் பாகன் வீட்டுப் பையன் ஒருவன் யானைகள் கூடி ஆடுவதைப் பார்ப்பான். டாப்ஸ்லிப் பக்கம் கோழிகமுத்தி யானை முகாமில் கும்கி பார்த்த பிள்ளைகள் என்றால் அரை வேலை முடிந்தது. (பாலக்காட்டு மாவட்டத்துப் பரம்பிக்குளத்துக்கே பொள்ளாச்சி, சேத்துமடை சுற்றித்தானே போகிறோம். வழியில் காட்டலாம்.)

வாசகசாலையில் கேட்டுப் பார்த்தீர்களா? 1945-ல் திருவிதாங்கூரில் கிரந்தசாலை (நூலக) சங்கத்தைத் தொடங்கிய பி. என். பணிக்கரின் நினைவு நாளான ஜூன் 19-ஐக் கேரளம் வாசிப்பு நாளாகக் கொண்டாடுகிறது. நல்லது. அன்றைக்கு உறுதிமொழி, கட்டுரைப் போட்டி எல்லாம் நடக்கும். எல்லையில் எனக்குத் தெரிந்த ஒரு நூலகத்தில் மறுநாள் தமிழ் அலமாரிக்குச் சாவி யாரிடம் என்று கேட்டால் ஒருவர் இன்னொருவரைக் காட்டுகிறார். விடாதீர்கள். வேண்டிய புத்தகத்தின் பெயரை எழுதிக் கொடுத்துக் கமிட்டிக்காரரிடம் கையெழுத்து வாங்குங்கள். கேட்டு எழுதிக் கொடுத்தவர்கள் இருந்தால்தான் அடுத்த முறை வாங்குகிற பட்டியலில் தமிழ் ஏறும்.

தவணைப் பணம் கேட்டு அந்த ஆள் வந்தால், ரசீதும் ‘முழுப் பதிப்பு’ என்று எழுத்தில் உறுதியும் கேளுங்கள். தர மறுத்தால் வாசிக்காத மற்றப் புத்தகங்களை எடுத்து வைத்து, திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்லிப் பள்ளி அலுவலகத்திலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள். வாசித்த ஒரு புத்தகத்துக்கு மட்டும் விலை கொடுப்பதாகச் சொல்லிப் பாருங்கள்.