சீஸ் தண்ணீரில் சிமெண்ட் பாக்டீரியா: மலையிலிருந்து வந்த கேள்விகள்

கொடைக்கானலிலிருந்து: சீஸ், பன்னீர் இரண்டும் செய்கிறோம். யூரியாவைச் சிதைத்து, கால்சியத்தைச் சுண்ணாம்புக் கல்லாகப் படியவைத்து மணலைச் சிமெண்ட் போல இறுக்கும் ஸ்போரோசார்சினா பாஸ்டூரி என்ற பாக்டீரியா, வடியும் தண்ணீரில் வளருமா ஐயா?

சீஸ் தண்ணீரில் வளரும். பன்னீர்த் தண்ணீரை ஒதுக்கிவிடுங்கள். இந்த பாக்டீரியாவுக்கு வேண்டியது புரதம். பால் சர்க்கரையை அது தொடாது. சீஸ் தண்ணீரில் லிட்டருக்கு 6 முதல் 8 கிராம் புரதம் இருக்கும். பன்னீருக்குப் பாலை 90 டிகிரிவரை காய்ச்சித் திரிப்பதால், அந்தப் புரதமும் கட்டியோடு போய்விடும்.

உப்பு சேராத தண்ணீரை அன்றைக்கே எடுங்கள். கையுறை போட்டு, காஸ்டிக் சோடா கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு பிஹெச் (அமில-கார அளவு) 7-க்குக் கொண்டுவாருங்கள். அடியில் வெள்ளையாகப் படிவது கால்சியம் பாஸ்பேட். அதைப் பார்த்துச் சிமெண்ட் வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். மேல் தண்ணீரை மட்டும் இறுத்துக்கொள்ளுங்கள். சூட்டில் கொஞ்சம் புரதம் திரண்டு வீணாகும், அதற்கு ஈடாக லிட்டருக்கு 5 கிராம் ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட் சேர்த்து, வேறு கிருமிகள் சாகக் குக்கரில் வையுங்கள். ஆறியபின் பிஹெச் 9 ஆக்கி, லிட்டருக்கு 20 கிராம் யூரியா சேருங்கள். யூரியாவைக் குக்கரில் வைத்தால் சிதைந்து அம்மோனியாவாகும்; கரைத்து, 0.22 மைக்ரான் வடிகட்டியில் இறக்குங்கள். நூற்றுக்கு 5 பங்கு விதைக் கல்ச்சர் (ஏற்கெனவே வளர்ந்த பாக்டீரியா), 30 டிகிரி, விடாமல் குலுக்கல், ஒன்றிரண்டு நாள். கல்ச்சர் சண்டிகரில் உள்ள எம்.டி.சி.சி. என்ற நுண்ணுயிர்ச் சேமிப்பகத்தில் கிடைக்கும்.

உதகையிலிருந்து: குக்கரில் 20 நிமிடம் வைத்தும் கெட்டுப்போகிறதே?

உயரம்தான் காரணம். 2,240 மீட்டரில் காற்றழுத்தம் குறைவு. 15 பவுண்டு வெயிட் போட்டாலும் உள்ளே 121 டிகிரி வராது, 117-ஐ ஒட்டித்தான் நிற்கும். 45 நிமிடம் வையுங்கள். இரவுக் குளிரில் யூரியேஸ் (யூரியாவைச் சிதைக்கும் நொதி) மந்தமாகிவிடும், பெட்டிக்குள் ஒரு பல்பு எரியட்டும்.

குன்னூரிலிருந்து: மணல் மேலே மட்டும் இறுகி, உள்ளே உதிர்கிறது அண்ணா.

பாக்டீரியாவையும் கால்சியத்தையும் ஒன்றாக ஊற்றியிருப்பீர்கள். முதலில் பாக்டீரியா, ஆறு மணி நேரம் சும்மா விடுங்கள், அப்புறம் கால்சியக் கரைசல். லிட்டருக்கு யூரியா 30 கிராம், கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட் 73.5 கிராம். 5 செ.மீ. அகலம், 10 செ.மீ. உயரக் குழாயில் மணல் இடுக்கு சுமார் 80 மி.லி.; ஒரு தடவைக்கு அதிகபட்சம் 4 கிராம் கால்சைட் (மணலை ஒட்டும் சுண்ணாம்புப் படிகம்) தான் கிடைக்கும். ஆகவே நாளுக்கொரு தடவையாகப் பத்து தடவையாவது ஊற்ற வேண்டும். நம் செம்மண்ணில் முயல வேண்டாம், களித்துகள் இடுக்கில் பாக்டீரியா நுழையாது.

கோத்தகிரியிலிருந்து: பேக்கரி முட்டை ஓடு கால்சியத்துக்கு ஆகுமா?

நன்றாக ஆகும். 100 கிராம் ஓட்டுத்தூளுக்கு 5 சத வினிகர் 2.4 லிட்டர். நுரை நின்றதும் வடிகட்டி, பிஹெச் 7 ஆக்கி, லிட்டருக்கு 24 கிராம் யூரியா. குளோரைடு இல்லாததால் கம்பி துருப்பிடிக்கும் பயமும் குறைவு.

கோத்தகிரியிலிருந்தே: வடியும் தண்ணீரை ஓடையில் விடலாமா?

கூடவே கூடாது. யூரியாவின் நைட்ரஜன் முழுவதும் அம்மோனியமாக அதில்தான் இருக்கிறது, லிட்டருக்கு 14 கிராம் வரை. மீன் செத்துவிடும், செடியின் வேர் கருகும். மூடிய டிரம்மில் பிடித்துவைத்து, மெக்னீசியமும் பாஸ்பேட்டும் சேர்த்து ஸ்ட்ரூவைட்டாக (அம்மோனியத்தைப் பிடித்துவைக்கும் படிகமாக) படியவைத்து எடுங்கள்.