கேள்வி – பதில்: இடைக்கால ஓவியமும் வீட்டுக் குழந்தைகளும்

(ஐரோப்பிய இடைக்காலக் கலையைச் சிறுவர்களுக்கு வீட்டிலேயே சொல்லித்தருவது பற்றி வாசகர்கள் கேட்டவை)

பேயோ துணிச்சித்திரத்தின் (1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றிய கதையைச் சொல்லும் நீளமான பூத்தையல் துணி) படங்களைக் காட்டினால், "கோட்டையைவிட ராஜா பெருசா இருக்கார், இவங்களுக்கு வரையவே தெரியலை" என்கிறான் என் ஏழு வயது மகன். என்ன பதில் சொல்வது?
– வாசகி, திருச்சி

அவன் கவனித்தது சரி, முடிவுதான் அவசரம். யார் முக்கியமோ அவர் பெரியவர் என்பது அந்தக் காலத்து வழக்கம். கோட்டை என்பது 'இது கோட்டை' என்று காட்டும் அடையாளம், அவ்வளவுதான். இதை விளக்கிக்கொண்டிருப்பதைவிட அவனையே தேடவிடுங்கள். குதிரைகளில் நமக்கு அப்பால் உள்ள கால்களுக்கு மட்டும் வேறு நிறம் கொடுத்திருப்பார்கள். காட்சிக்கும் காட்சிக்கும் நடுவே பல இடங்களில் ஒரு மரமோ கட்டடமோ நிற்கும். 1066இல் வந்த ஹாலி வால்நட்சத்திரத்தைச் சிலர் விரலால் சுட்டிக்காட்டுவார்கள். கீழ்க் கரையில் நரியும் காக்கையும்கூட உண்டு. நம் கதையில் வடை, அங்கே பாலாடைக்கட்டி.

பிறகு அவனும் ஒன்று செய்யட்டும். மூலம் ஏறக்குறைய 70 மீட்டர் நீளம், அரை மீட்டர் உயரம். லினன் துணியில் கம்பளி நூலால் போட்ட பூத்தையல். உங்களுக்கு இரண்டு ஏ4 தாள் போதும். நீளவாக்கில் பாதியாக வெட்டி, 1 செ.மீ. மேலேற்றி ஒட்டினால் 1.15 மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாகவே நீளம் வரும். மேலும் கீழும் 2 செ.மீ. கரை விடுங்கள். காலையில் எழுந்து பள்ளி போய்ச் சேரும்வரை நான்கு காட்சிகள், நடுவில் மூன்று மரங்கள். மரங்களை முதலில் வரையச் சொல்லுங்கள். இல்லையென்றால் முதல் காட்சியே பாதி நீளத்தை விழுங்கிவிடும். ஸ்கெட்ச் பேனா நான்கு நிறம் மட்டும் கொடுங்கள். மூலத்திலேயே சுமார் பத்து நிற நூல்தான்.

முட்டை மஞ்சள்கருவில் வண்ணம் குழைத்துப் பார்த்தோம். காய்ந்ததும் செதில் செதிலாக உதிர்கிறது. எங்கே தவறு?
– வாசகர், கோவை

பெரும்பாலும் இரண்டு காரணம்: கனமாகப் பூசியிருப்பீர்கள், அல்லது வளையும் தாளில் வரைந்திருப்பீர்கள். காய்ந்த முட்டைப் பூச்சு வளையாது. அதனால்தான் அக்காலத்தில் இந்த வண்ணத்தை மரப்பலகையில் தீட்டினார்கள். கெட்டி அட்டையில் வரையுங்கள்.

மஞ்சள்கருவை வெள்ளையிலிருந்து பிரித்து, டிஷ்யூ தாளில் மெல்ல உருட்டி ஈரம் போக்குங்கள். சவ்வைக் கிள்ளிப் பிடித்துத் தூக்கி, அடியில் ஊசியால் குத்தினால் கரு கிண்ணத்தில் வடியும். சவ்வைத் தூக்கிப் போட்டுவிடலாம். அதோடு ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் சேருங்கள். தனியே ஒரு தேக்கரண்டி காவிப் பொடியைச் சில சொட்டுத் தண்ணீரில் விழுதாக்கி, அதே அளவு முட்டைக் கலவை ஊற்றிக் குழையுங்கள். காய்ந்தபின் விரலில் பொடி ஒட்டினால் முட்டை குறைவு. எண்ணெய்போல் மினுங்கினால் அதிகம். கோலப்பொடி வேண்டாம், நறநறக்கும். கரித்தூள் நன்றாக வரும். மஞ்சள்தூளும் வரும், வெளிச்சத்தில் வெளுத்துவிடும். கடைச் சிந்தூரத்தைத் தொடவே வேண்டாம், அதில் ஈயம் இருக்கக்கூடும்.

இந்த வண்ணம் ஒரு நிமிடத்துக்குள் காய்ந்துவிடும். எனவே இழைத்துக் கலக்க முடியாது; மெல்லிய கோடுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுத்தான் நிழல் கொண்டுவர வேண்டும். குழந்தைகள் தூரிகையைத் தேய்த்துத் தேய்த்து அடியிலுள்ள பூச்சையும் பெயர்த்துவிடுவார்கள். பழைய தாள் ஒன்றில் கோடு மட்டும் போட்டுப் பழக்கிவிட்டு அட்டைக்கு வாருங்கள்.

மீந்த கலவையை அன்றே கொட்டிவிடுங்கள். தூரிகையைக் குளிர்ந்த நீரில் கழுவுங்கள். வெந்நீர் பட்டால் முட்டை மயிரிலேயே வெந்துவிடும். கை கழுவாமல் வாயில் வைக்கக் கூடாது. முட்டை ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு இது வேண்டவே வேண்டாம்.

1400 வாக்கில் எழுதிய கைநூலில் இத்தாலிய ஓவியர் சென்னினோ சென்னினி, இளையவர் முகத்துக்கு நகரத்துக் கோழி முட்டை, முதியவர் முகத்துக்கு நாட்டுப்புறக் கோழி முட்டை என்கிறார். நாட்டுப்புற முட்டையின் கரு நிறம் கூடியது. கடையில் இரண்டும் கிடைக்கும்; பக்கத்தில் பக்கத்தில் உடைத்துக் காட்டுங்கள்.

கறுப்புச் சார்ட்டில் ஓட்டை வெட்டி, வண்ணத்தாள் ஒட்டி, தேவாலய ஜன்னல்போல் செய்தோம். வெளிச்சம் வரவில்லை, சட்டமும் கிழிந்தது.
– வாசகி, புதுச்சேரி

சாதாரண வண்ணத்தாள் ஒளியை விடாது. பட்டத் தாள் அல்லது பரிசுப் பொருள் சுற்றும் கண்ணாடித்தாள் வாங்குங்கள். பட்டத் தாளுக்குப் பசை சரி, துளிதான், அதிகமானால் சுருங்கும். கண்ணாடித்தாளில் ஃபெவிகால் பிடிக்காது, இருபக்கப் பசைநாடா வேண்டும்.

சட்டம் கிழிவது வரைபடத்தின் பிழை. அசல் ஜன்னலில் வண்ணக் கண்ணாடித் துண்டுகளை ஈயப் பட்டைகள் பிடித்திருக்கும். எந்தப் பட்டையும் பாதியில் நிற்காது, இன்னொரு பட்டையிலோ ஓரத்திலோ போய் முட்டும். உங்கள் கோடுகளும் அப்படியே முட்ட வேண்டும். அகலம் 1 செ.மீ.க்குக் குறையக் கூடாது. ஆறு வயதுக்கு ஏ4 அளவில் ஏழெட்டுத் துண்டு போதும். பிளேடு பெரியவர் கையில் இருக்கட்டும்.

கண், மூக்கு, துணி மடிப்பு இவற்றை வெட்டப் பார்க்காதீர்கள். அக்காலத்திலும் அவற்றைக் கண்ணாடிமேல் கருவண்ணத்தால் தீட்டிச் சூளையில் சுட்டார்கள். உங்களுக்கு கறுப்பு மார்க்கர் இருக்கிறது. பாரிஸின் சேன்ட் சபேல் தேவாலயம் (1248) 15 ஜன்னல்களில் 1,113 காட்சிகள் கொண்டது. அதில் ஒரே ஒரு கட்டத்தைப் பெரிதாக்கிக் காட்டுங்கள். முழு ஜன்னலைக் காட்டினால் பிள்ளைக்கு நிறக்கூட்டம்தான் தெரியும்.

பழைய ஜன்னல் கண்ணாடிகள் அடியில் தடித்திருப்பது, கண்ணாடி மெல்ல வழிந்ததாலாமே?
– வாசகர், தஞ்சாவூர்

இல்லை. ஊதிச் செய்த கண்ணாடியில் தடிமன் ஒரே சீராக வராது. அறை வெப்பத்தில் கண்ணாடி கண்ணுக்குத் தெரியும்படி வழிய ஆயிரம் ஆண்டும் போதாது. மேல்புறம் தடித்த துண்டுகளும் உண்டு.