பதினைந்து கிலோமீட்டருக்கு இரண்டரை மணி நேரமா?

கேள்வி: பெரியகுளத்தில் காலையில் உறவினர் திருமணம். அது முடிந்ததும் எழுபது வயதான என் அம்மாவுடன் கொடைக்கானல் செல்ல எண்ணியிருக்கிறேன். கைபேசியில் பார்த்தால் ‘விமான வழித் தொலைவு 15 கி.மீ.’ என்கிறது, பேருந்தில் இரண்டரை மணி நேரம் ஆகும் என்கிறார்கள். எது சரி?
- ஒரு வாசகி, உசிலம்பட்டி

பதில்: இரண்டுமே சரிதான். ஆனால், நீங்கள் பயணத்துக்கு நம்ப வேண்டியது பேருந்துக் கணக்கைத்தான். விமான வழித் தொலைவு என்பது விமானம் பறக்கும் வழியன்று. இவ்விரு ஊர்களிலும் விமான நிலையமே இல்லை. இரண்டு ஊர்களின் அட்சரேகை, தீர்க்கரேகைகளைக் கொண்டு கணக்கிடும் நேர்கோட்டுத் தொலைவு அது. பெரியகுளத்திலிருந்து கொடைக்கானல் வடக்கே சுமார் 13 கி.மீ., மேற்கே சுமார் 7 கி.மீ. தள்ளியிருப்பதால், நேர்கோடு 15 கி.மீ. அளவில் அமைகிறது. கொடைக்கானலின் மலைவிளிம்பு நடைபாதையான கோக்கர்ஸ் வாக்கில் இரவில் நின்று பார்த்தால் பெரியகுளத்து விளக்குகள் காலடியில் கிடப்பதுபோல் தெரிவதும் இதனால்தான்.

உங்கள் ஊர் வழியாகச் செல்லும் மதுரை - தேனி சாலையில் இந்தக் குழப்பம் வராது. நேர்கோட்டில் 70 கி.மீ. அளவு என்றால் சாலையிலும் அதைவிடச் சற்றே கூடுதல்தான், ஏனென்றால் அது சமவெளி. கொடைக்கானலோ கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில், பெரியகுளத்தைவிட 1,800 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. நேராகச் சாலை போட்டால் எட்டு மீட்டர் செல்வதற்குள் ஒரு மீட்டர் ஏற வேண்டியிருக்கும். ஆள் நிறைந்த பேருந்து அந்தச் சரிவில் ஏறித் திணறுவதைவிட, இறங்கும்போது பிரேக் தாங்காது என்பதே பெரிய ஆபத்து. இருபது மீட்டருக்கு ஒரு மீட்டர் என்ற மிதமான ஏற்றத்தில் போட்டால், ஏறுவதற்கு மட்டுமே 36 கி.மீ. தேவை. மலையின் மடிப்புகளைச் சுற்றிவரும் தூரமும், தேவதானப்பட்டி வழியாக, மலையேற்றம் தொடங்கும் காட்ரோடு வரையிலான சமவெளித் தூரமும் சேர்ந்து 60 கி.மீ.க்கும் மேலாகிவிடுகிறது.

மலைச்சாலை வருவதற்கு முன் பெரியகுளத்து அடிவாரத்திலிருந்து வெள்ளகவி என்ற மலைக்கிராமம் வழியாக மக்கள் நடந்தும் டோலியிலும் ஏறினார்கள். செங்குத்தில் கால் ஏறும், சக்கரம் ஏறாது என்பதால் அந்தப் பாதையின் தூரம் மிகவும் குறைவு.

கும்பக்கரை, அடுக்கம் வழியாக, கொடைக்கானலுக்குச் சற்று முன்னுள்ள பெருமாள்மலை சேரும் குறுக்குச் சாலையும் உண்டு. அது குறுகலானது, மழைக்காலத்தில் மண் சரிவது; அம்மாவுடன் அந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். காட்ரோடு வழியே செல்லுங்கள். பந்தியில் அம்மா அளவாகச் சாப்பிட்டு, பேருந்தில் முன்னிருக்கையில் அமரட்டும். பின்னிருக்கையில்தான் வளைவுகளில் தலைசுற்றலும் வாந்தியும் அதிகம். மதியம் ஒரு மணிக்குள் புறப்பட்டால் வெளிச்சம் இருக்கும்போதே அறைக்குப் போய்ச் சேரலாம். ஸ்வெட்டரைப் பெட்டியில் வைக்காமல் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள், பெருமாள்மலை தாண்டும்போதே குளிர் தொடங்கிவிடும்.