வாயைக் கட்டினால் உடம்பு குறைந்துவிடாதா? இதற்குப் போய் ஊசியும் அறுவை சிகிச்சையும் எதற்கு?

ஒருவர் கேட்டிருந்த இந்தக் கேள்வியைப் படித்ததும் என் பெரியம்மாவின் குரல் கேட்டது. சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் இருக்கும் அவர் வீட்டுக்குப் பொங்கலன்று போனால், வேண்டாம் என்று கையை மறித்தாலும் இலையில் இரண்டாவது கரண்டி நெய்ச்சோறு விழும். கை கழுவிவிட்டு வந்தால், "இப்படியே பெருத்துக்கொண்டு போனால் எப்படியம்மா? வாயைக் கட்டு" என்பார்.

கட்டிப் பார்த்தவள்தான் நான். முதல் முறை எனக்குப் பதினோரு வயது. சிங்கப்பூர்ப் பள்ளிகளில் 1992 முதல் 2007 வரை 'டிரிம் அண்ட் ஃபிட்' என்றொரு திட்டம் இருந்தது. எடை கூடிய பிள்ளைகளுக்குத் தனி உடற்பயிற்சி. என் பள்ளியில் அதற்கு ஒதுக்கியது இடைவேளை நேரத்தை. தோழிகள் கேண்டீனில் மீ சியாம் சாப்பிட, நாங்கள் ஏழெட்டுப் பேர் திடலைச் சுற்றி ஓடுவோம். திட்டத்தின் ஆங்கிலச் சுருக்கம் டி, ஏ, எஃப். பின்னாலிருந்து படித்தால் 'ஃபேட்', அதாவது குண்டு. பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அந்த ஆண்டுகளில் பருமனான மாணவர்களின் விகிதம் குறைந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் என் கதை வேறு. வெறும் வயிற்றோடு பள்ளி முடித்து, கோப்பிக் கடையில் இரண்டு கறி பஃப் வாங்கி, புளோக்கின் மாடிப்படிக்கு அடியில் நின்று தின்று, சீருடையில் ஒட்டிய துகள்களைத் தட்டிவிட்டு வீட்டுக்குப் போவேன். ஒளிந்து தின்னும் அந்தப் பழக்கம் முப்பது வயதைத் தாண்டியும் போகவில்லை.

திருமணத்துக்கு முன் 12 கிலோ குறைத்தேன். இரண்டே ஆண்டில் 15 கிலோ ஏறியது. என் நாக்கைத்தான் குற்றம் சொன்னார்கள், நானும் நம்பினேன். கொழுப்பு கரையும்போது அதிலிருந்து சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோன் குறைகிறது. மூளை அதைப் பஞ்சம் என்று எடுத்துக்கொண்டு பசியைக் கூட்டுகிறது, உடல் எரிக்கும் சக்தியைக் குறைக்கிறது என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. அமெரிக்கத் தொலைக்காட்சியின் எடைக்குறைப்புப் போட்டி ஒன்றில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு ஆண்டு கழித்துச் சோதித்த ஆய்வு 2016-இல் வெளிவந்தது. இழந்த எடையில் பெரும்பகுதி திரும்பியிருந்தது; ஆனாலும் அவர்கள் உடல் நாளொன்றுக்கு, எதிர்பார்க்கும் அளவைவிடச் சுமார் 500 கலோரி குறைவாகவே எரித்துக்கொண்டிருந்தது. இதில் வாயைக் கட்டி எவ்வளவு காலம் தாக்குப்பிடிப்பது?

பரம்பரை, தூக்கமின்மை, ஸ்டீராய்டு, சில மனநல மருந்துகள், சினைப்பை நீர்க்கட்டி என்று காரணங்கள் பல. நள்ளிரவிலும் கிடைக்கும் ரொட்டி பராட்டாவும் தே தாரிக்கும் அந்தப் பட்டியலில் இல்லை என்று சொல்லமாட்டேன். வெள்ளைக்காரர்களின் அதே எடையிலும் நம்மவர்களுக்கு வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு கூடுதலாகச் சேரும். அதனால்தான் இங்கே, உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் உடல் நிறை குறியீடு 23-ஐத் தொட்டாலே எச்சரிக்கிறார்கள், 27.5-இலிருந்து அதிக ஆபத்து.

என் குறியீடு 34, கூடவே சர்க்கரை. பலதுறை மருந்தக மருத்துவர் என்ன சாப்பிடுகிறேன் என்று கேட்பதற்கு முன் எப்படித் தூங்குகிறேன் என்று கேட்டார். அழுகை வந்துவிட்டது. ஆசியர்களுக்குச் சர்க்கரை இருந்தால் 32.5-இலிருந்தே இரைப்பை அறுவை சிகிச்சையைப் பரிசீலிக்கலாம் என்றார். கத்திக்குப் பயந்து வாரம் ஒருமுறை போடும், பசியைக் குறைக்கும் செமாக்ளூட்டைடு ஊசிக்குச் சம்மதித்தேன்.

குறுக்கு வழி என்கிறார்கள். முதல் இரண்டு மாதம் பெருங்காயம் தாளிக்கும் வாசனைக்கே குமட்டியது. சர்க்கரை நோய் இல்லாதவர்களிடம் நடத்திய சோதனையில் இந்த மருந்து 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீத எடையைக் குறைத்தது. நிறுத்தியவர்களுக்கு ஓர் ஆண்டில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியது. ஆக, இரத்தக் கொதிப்பு மாத்திரையைப் போல நெடுங்காலம் தொடர வேண்டியிருக்கும். அந்த மாத்திரை போடுகிறவரிடம் யாரும் 'மனக்கட்டுப்பாடு இல்லையா' என்று கேட்பதில்லை.

இதுவரை 11 கிலோ குறைந்திருக்கிறது. போன தீபாவளிக்குப் பெரியம்மா என் கன்னத்தைப் பிடித்துப் பார்த்து, "இளைத்துவிட்டாயே, ஏதும் வியாதியா?" என்று கவலைப்பட்டார். ஊசியைப் பற்றி அவரிடம் இன்னும் சொல்லவில்லை. அவர் வரும் நாளில் குளிர்பெட்டியில் அதை இஞ்சி பூண்டு விழுது டப்பாவுக்குப் பின்னால் தள்ளி வைத்துவிடுகிறேன்.