வாஃபிள் கேள்வி-பதில்: விளக்கை விடுங்கள், ஆவியைப் பாருங்கள்

கே: மூடியைத் திறந்தால் வாஃபிள் இரண்டாகப் பிளந்து, பாதி மேல் தட்டிலும் பாதி கீழ்த் தட்டிலும் ஒட்டிக்கொள்கிறது. வாஃபிள் சுடும் மின்சார மேக்கரை மாற்ற வேண்டுமா?

மேக்கரில் குறை இருப்பதாகத் தெரியவில்லை. நீங்கள் சீக்கிரம் திறந்துவிட்டீர்கள். நடுவில் ஈரம் இருக்கும்வரை வாஃபிளின் இரண்டு முகமும் தட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும். மூடியைத் தூக்கினால், இருப்பதிலேயே பலமில்லாத இடமான நடுப்பகுதிதான் கிழியும். வெந்து காய்ந்த வாஃபிள் தானாகவே தட்டை விட்டுவிடும். பக்கவாட்டில் ஆவி அடங்கும்வரை மூடியில் கை வைக்காதீர்கள். ஆவி அடங்கிய பிறகும் பிளந்தால், மாவில் கொழுப்பு போதவில்லை என்று அர்த்தம். 250 கிராம் மைதாவுக்கு 80 கிராம் வெண்ணெய்க்குக் கீழே போகாதீர்கள்.

கே: எத்தனை நிமிடம் வைக்க வேண்டும்?

என்ன மேக்கர், தட்டின் குழி எவ்வளவு ஆழம், எவ்வளவு மாவு ஊற்றுகிறீர்கள், ஒன்றுமே எழுதவில்லை. மெல்லிய தட்டு என்றால் 3 நிமிடம், ஆழக்குழித் தட்டு என்றால் 5 முதல் 6 நிமிடம். இதற்கு மேல் நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கே: பச்சை விளக்கு எரிந்த உடனே எடுக்கிறேன். ஆனாலும் வெளிறி, தொட்டால் துவண்டு விழுகிறது. விளக்கு பழுதா?

விளக்கு ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது. அது எதற்கு எரிகிறது என்று பலருக்குத் தெரிவதில்லை. பெட்டியில் வரும் கையேடும் பெரும்பாலும் 'விளக்கு எரிந்ததும் தயார்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறது.

சாதாரண மேக்கரில் அந்த விளக்கு, தட்டின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டோடு சேர்ந்தது. தட்டு குறித்த சூட்டை எட்டினால் எரியும், அல்லது அணையும். அது மாடலைப் பொறுத்தது. குளிர்ந்த மாவை ஊற்றியதும் தட்டின் சூடு இறங்கும், ஹீட்டர் மறுபடி ஓடும். தட்டு பழைய சூட்டுக்கு வந்ததும் விளக்கு மாறும். அளந்தது முழுக்கத் தட்டின் சூட்டை. உள்ளே இருக்கிற மாவைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. மாவு குறைவாக ஊற்றினால் தட்டு சீக்கிரம் தேறிவிடும், விளக்கும் முந்திக்கொள்ளும். டைமர் வைத்த மாடல்களும் உண்டு. அவற்றுக்கும் உங்கள் மாவில் எவ்வளவு பால் இருக்கிறது என்று தெரியப் போவதில்லை.

விஷயம் தண்ணீரில்தான் இருக்கிறது. மேற்பரப்பில் ஈரம் இருக்கும்வரை அந்த இடம் 100 டிகிரியைத் தாண்டாது. நன்றாகச் சிவப்பதற்கு 140 டிகிரியாவது வேண்டும். ஆக, ஈரம் வெளியேறாமல் நிறமும் வராது, மொறுமொறுப்பும் வராது. அந்த ஈரம் உங்கள் கண்ணெதிரே ஆவியாகப் போகிறது, அதைப் பார்த்தாலே போதும். மூடிய முதல் அரை நிமிடம் பெரிதாக ஒன்றும் தெரியாது. பிறகு நாலு பக்கமும் புசுபுசுவென்று கிளம்பும். இரண்டு நிமிடம் போல அப்படியே வந்து, அப்புறம் ஒரு பக்கம் நின்று, மறுபக்கம் நூல் போல இழையும். சந்தேகமாக இருந்தால் உலர்ந்த எவர்சில்வர் ஸ்பூன் ஒன்றை விளிம்புக்கு அருகே, விரல் சுடாத தூரத்தில் காட்டுங்கள். ஸ்பூன் உடனே முழுக்கப் பனித்தால் உள்ளே ஈரம் நிறைய இருக்கிறது. லேசாக மங்கி உடனே தெளிந்தால் பதம். அதற்குப் பிறகு மூடியை ஒரு விரலால் தூக்கிப் பாருங்கள். இழுத்துப் பிடித்தால் விட்டுவிட்டு, இன்னும் 40 நொடி பொறுங்கள். இவ்வளவுக்கும் விளக்கு பாட்டுக்கு எரிந்து அணைந்துகொண்டு இருக்கட்டும்.

இன்னொன்று. முதல்முறை சூடாக்கும்போது விளக்கு சொன்ன உடனே ஊற்றாதீர்கள். சென்சார் இருக்கும் இடம்தான் அப்போது சூடாகியிருக்கும். தட்டின் ஓரங்களுக்கும் சூடு பரவ, மேலும் 5 நிமிடம் மூடியே வையுங்கள். முதல் வாஃபிள் எப்போதும் கெட்டுப்போகும் என்று எழுதுகிறவர்கள் எல்லாம் இந்த 5 நிமிடத்தைச் சேர்த்துப் பார்த்துவிட்டுப் பிறகு எழுதலாம்.

கே: ரெசிபியில் இருந்தபடியே அப்படியே செய்தேன். பேக்கிங் பவுடர் இல்லாததால் அதே அளவு சமையல் சோடா, டயட் என்பதால் வெண்ணெயில் பாதி மட்டும். கருகிப்போய் சோப்பு நெடி அடிக்கிறது. ஏன்?

'அப்படியே' என்ற சொல்லுக்கு உங்கள் அகராதியில் என்ன பொருள்? சோடாவின் வீரியம் பேக்கிங் பவுடரைப் போல 3-4 மடங்கு. அதோடு அதற்குப் புளிப்பும் வேண்டும். மாவில் புளிப்பு இல்லாவிட்டால் வேலை செய்யாத சோடா மிஞ்சும், அதுதான் சோப்பு நெடி. சோடாவின் காரத்தன்மை (புளிப்புக்கு எதிரானது) ஏறினால் மாவு வேகமாகச் சிவக்கும், அதனால்தான் உள்ளே வேகும் முன்பே வெளியே கருகியது.

அடிப்படை அளவை இங்கே தருகிறேன், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மைதா 250 கிராம், பேக்கிங் பவுடர் 2½ டீஸ்பூன், உப்பு ½ டீஸ்பூன், சர்க்கரை 2 டேபிள்ஸ்பூன், முட்டை 2, பால் 375 மி.லி., உருக்கிய வெண்ணெய் 100 கிராம். உலர்ந்தவை ஒரு பாத்திரத்தில், ஈரமானவை இன்னொன்றில். பிறகு இரண்டையும் சேர்த்துப் பத்துப் பதினைந்து சுற்று கிளறி, 10 நிமிடம் விடுங்கள். ஆழக்குழித் தட்டில் 5 வரும். பாலுக்குப் பதில் மோர் ஊற்றினால் பேக்கிங் பவுடரை 1 டீஸ்பூனாகக் குறைத்து, ¾ டீஸ்பூன் சோடா சேருங்கள். மைதாவைக் கப்பால் அளக்காமல் எடை போடுங்கள். அமுக்கி அள்ளிய ஒரு கப்புக்கும் தளரப் போட்ட ஒரு கப்புக்கும் 30 கிராம் வரை வித்தியாசம் வரும்.

கே: மாவில் கட்டி கட்டியாக இருக்கிறது. மிக்ஸியில் அடிக்கலாமா?

கூடாது. பட்டாணி அளவுக் கட்டிகள் வெந்துவிடும். அடித்தால் மைதாவின் புரதமான குளூட்டன் இறுகி வாஃபிள் ரப்பராகிவிடும்.

கே: உருக்கிய வெண்ணெயை ஊற்றியதும் மாவில் திட்டுத் திட்டாக உறைந்துவிடுகிறது.

பாலும் முட்டையும் ஃப்ரிட்ஜிலிருந்து நேரே வந்திருக்கும். பாலைக் கை பொறுக்கும் சூட்டுக்கு வெதுவெதுப்பாக்குங்கள், முட்டையை 10 நிமிடம் வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு வையுங்கள். வெண்ணெயைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றாதீர்கள், முட்டை வெந்துவிடும்.

கே: வெண்ணெய்க்குப் பதில் எண்ணெய் ஊற்றலாமா?

ஊற்றலாம். மேல்புறம் கூடுதலாகவே மொறுமொறுக்கும். வெண்ணெயில் சுமார் 80 சதவீதம்தான் கொழுப்பு, மீதி பெரும்பாலும் தண்ணீர். அதனால் 100 கிராம் வெண்ணெய்க்கு 85-90 மி.லி. எண்ணெய் போதும். வாசனைதான் போய்விடும். பாதிக்குப் பாதி போடுவது நல்ல ஏற்பாடு.

கே: எடுக்கும்போது மொறுமொறுவென்று இருக்கிறது. மேசைக்குக் கொண்டுபோவதற்குள் வதவதவென்று ஆகிவிடுகிறது.

தட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே மூடியும் போட்டிருப்பீர்கள். சூடான வாஃபிள் வெளியே வந்த பிறகும் ஆவி விடும். அடியில் தட்டு இருந்தால் அந்த ஆவி வேர்த்து, வாஃபிளுக்கே திரும்பிவிடும். கம்பி ரேக்கில் தனித்தனியாக வையுங்கள். நாலு பேருக்குச் சேர்த்துப் பரிமாற வேண்டுமானால் ரேக்கோடு 95-100 டிகிரி ஓவனில் வைத்தால் 20 நிமிடம் தாங்கும். மைதாவில் 30 கிராமை எடுத்துவிட்டு அந்த அளவு கார்ன்ஃப்ளோர் போட்டாலும் நல்ல மாற்றம் தெரியும். ஆனால் ஆவி அடங்கும் முன் எடுத்த வாஃபிளைக் கார்ன்ஃப்ளோராலும் காப்பாற்ற முடியாது.

கே: வெண்கருவைத் தனியாக அடித்துச் சேர்ப்பது அவசியமா?

பேக்கிங் பவுடர் போட்ட மாவுக்கு அவசியமில்லை. போட்டால் உள்ளே பஞ்சுபோல இலகுவாகும், அவ்வளவுதான். அடிப்பதானால் நுனி லேசாக வளையும் பதத்தில் நிறுத்துங்கள். கெட்டியாக அடித்தால் மாவில் கலக்காமல் உருண்டை உருண்டையாக நிற்கும். கடைசியில் சேர்த்து, மடித்து மடித்துக் கலந்து, உடனே ஊற்ற வேண்டும். வெண்கருவை அடித்துச் சேர்த்துவிட்டு மாவை ஒரு மணி நேரம் வைத்திருந்த வாசகருக்கு: உங்கள் கை வலித்ததுதான் மிச்சம்.

கே: முட்டை இல்லாமல் வருமா?

வரும். கொஞ்சம் நொறுங்கும், அவ்வளவு சிவக்காது. ஒரு முட்டைக்கு 1 டேபிள்ஸ்பூன் ஆளிவிதைப் பொடியை 3 டேபிள்ஸ்பூன் தண்ணீரில் 10 நிமிடம் ஊறவைத்துச் சேருங்கள். கொண்டைக்கடலை வேகவைத்த கெட்டித் தண்ணீர் 3 டேபிள்ஸ்பூன் என்றாலும் சரி; அதை வெண்கரு மாதிரியே நுரைக்க அடிக்கலாம். முட்டை இல்லாத மாவு பிடிப்பு குறைந்தது. ஆவி நின்ற பிறகும் கூடுதலாக ஒரு நிமிடம் விட்டு, மெதுவாகத் திறங்கள்.

கே: ஒவ்வொரு முறையும் தட்டில் எண்ணெய் ஸ்ப்ரே அடிக்கிறேன். ஆனாலும் நாளுக்கு நாள் அதிகமாக ஒட்டுகிறது.

அந்த ஸ்ப்ரேதான் காரணம். அதில் பெரும்பாலும் லெசித்தின் இருக்கும். சூட்டில் அது இறுகிப் பழுப்பாகப் பசைபோலப் படிந்து, அடுத்த வாஃபிளைப் பிடித்துக்கொள்ளும். எண்ணெயில் தோய்த்த பிரஷ்ஷால் குழிகளின் ஓரம்வரை மெல்லிசாகத் தடவுங்கள். மாவில் போதிய வெண்ணெய் இருந்தால் முதல் வாஃபிளுக்குப் பிறகு அதுவும் தேவைப்படாது. ஏற்கனவே படிந்ததை எடுக்க, மேக்கர் வெதுவெதுப்பாக இருக்கும்போது பிளக்கைப் பிடுங்கிவிட்டு, நனைத்துப் பிழிந்த துணியை உள்ளே வைத்து மூடி 10 நிமிடம் விடுங்கள். ஊறியதை மென்மையான பிரஷ்ஷால் தேயுங்கள். கத்தி, இரும்பு நார் எதுவும் வேண்டாம். நான்ஸ்டிக் பூச்சு ஒருமுறை கீறினால் கீறியதுதான்.

கே: மாவு பக்கவாட்டில் வழிந்து மேசையெல்லாம் கொட்டுகிறது.

குறைவாக ஊற்றுங்கள். தட்டில் மூன்றில் இரண்டு பங்கு மூடும்வரை, நடுவில் ஆரம்பித்து. மீதியை மூடி பரப்பிவிடும். சரியாக வந்த கரண்டி அளவை நினைவில் வைத்துக்கொண்டால் அப்புறம் பிரச்சினையே இல்லை.

கே: பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் வாஃபிள், லியேஜ் வாஃபிள், இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? லியேஜ் வகைக்குச் சாதாரண சர்க்கரை போடலாமா?

பிரஸ்ஸல்ஸ் வகை ஊற்றுகிற மாவு, ஈஸ்ட் போட்டது, செவ்வகம், இலகுவானது. 1962 சியாட்டில் கண்காட்சியிலும் 1964 நியூயார்க் உலகக் கண்காட்சியிலும் விற்று அமெரிக்காவில் 'பெல்ஜியன் வாஃபிள்' என்று பெயர் வாங்கியது இந்தக் குடும்பம்தான். இன்று அந்தப் பெயரில் பேக்கிங் பவுடர் போட்டுச் செய்வது ஆழக்குழி ஒன்றை மட்டும் மிச்சம் வைத்திருக்கிறது.

லியேஜ் பிசைகிற மாவு. மைதா 250 கிராமுக்கு வெதுவெதுப்பான பால் 90 மி.லி., முட்டை 1, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 1½ டீஸ்பூன், உப்பு ½ டீஸ்பூன், மென்மையான வெண்ணெய் 120 கிராம். பிசைந்து, இரட்டிப்பாகப் பொங்கிய பிறகு 140 கிராம் பேர்ல் சுகர் (எளிதில் கரையாத கட்டிச் சர்க்கரைத் துண்டுகள்) சேர்த்து, 90 கிராம் உருண்டைகளாக்கி, 15 நிமிடம் விட்டுச் சுடுங்கள். சாதாரண சர்க்கரை மாவிலேயே கரைந்துவிடும், கடிக்கும்போது பல்லில் படும் அந்தக் கல்கண்டுத் துண்டும் வராது, வெளியே கேரமல் மேலோடும் வராது. பேர்ல் சுகர் கிடைக்காவிட்டால் சர்க்கரைக் கட்டியைத் துணியில் சுற்றித் தட்டி, தூளைச் சலித்துவிட்டுத் துண்டுகளை மட்டும் போடுங்கள். மேக்கர் 180 டிகிரியைத் தாண்டினால் கேரமல் கசந்துபோகும். உருகிய சர்க்கரை கையில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும். இடுக்கி இல்லாமல் எடுக்காதீர்கள். இதில் ஆவி குறைவாகத்தான் வரும், இது ஒன்றுக்கு மட்டும் நிறத்தை நம்பலாம்.

கே: கோகோ வாஃபிள் வெந்ததா கருகியதா என்றே தெரியவில்லை.

நிறத்தைப் பார்த்தால் தெரியாது. ஆவி. கோகோ 30 கிராம் போட்டால் மைதாவில் அந்த 30 கிராமைக் குறையுங்கள், பாலை 2 டேபிள்ஸ்பூன் கூட்டுங்கள், மேக்கரின் சூட்டை ஒரு படி இறக்குங்கள்.

கே: மின்சார மேக்கர் இல்லை. அடுப்பில் வைக்கும் இரும்பு அச்சில் செய்யலாமா?

தாராளமாக. கார்னீலியஸ் ஸ்வார்ட்அவுட் என்பவர் அமெரிக்காவில் அடுப்பு அச்சுக்குக் காப்புரிமை வாங்கியது 1869-ல். மின்சார மேக்கர் வந்தது அதற்கு வெகு பிறகு. இரண்டு பக்கத்தையும் தலா 4 நிமிடம் மிதமான தீயில் காயவைத்து, எண்ணெய் தடவி ஊற்றி, மூடிய உடனே திருப்புங்கள். மேல் தட்டின் குழிகளிலும் மாவு இறங்குவதற்காகத்தான் அது. பிறகு ஒவ்வொரு நிமிடமும் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். இதில் விளக்கே கிடையாது என்பது பெரிய நிம்மதி.

கே: மிஞ்சிய மாவை மறுநாள் வரை வைக்கலாமா?

ஈஸ்ட் மாவானால் ஃப்ரிட்ஜில் ஒரு நாள் தாராளமாக, ருசியும் கூடும். பேக்கிங் பவுடர் மாவு மறுநாள் பாதிதான் பொங்கும். அதற்கு மாவை மொத்தமாகச் சுட்டு, சுட்டதை வைப்பது மேல். ரேக்கில் முழுக்க ஆறவிட்டு, ஒன்றோடொன்று படாமல் ஃப்ரீசரில் உறையவைத்து, பிறகு பையில் போட்டுக் காற்றை வெளியேற்றி மூடினால் இரண்டு மாதம் வரும். பனியோடு நேரே டோஸ்டரிலோ, 180 டிகிரி ஓவனில் 5-6 நிமிடமோ வையுங்கள். மைக்ரோவேவில் வைத்துவிட்டு 'ரப்பர் மாதிரி இருக்கிறது' என்று எனக்கு எழுத வேண்டாம்.